வெயிலில் வெளுத்த பெயின்ட்டை மீட்டெடுப்பது

அபிராமபுரத்தின் உள்தெருக்களில் மதிலோரம் நிற்கும் பழைய கார்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கதவுகளில் பளபளப்பு இன்னும் மிச்சம் இருக்கும். பம்பரும் பரவாயில்லை. பானெட், கூரை, டிக்கி மூடி ஆகிய மூன்றும் மட்டும் நிறம் செத்துப்போய் நிற்கும். சிவப்பு வண்டி வெளிறி ரோஸ் நிறத்துக்கு வந்திருக்கும். கறுப்பு வண்டியில் சாம்பல் பூத்திருக்கும். வெள்ளை வண்டியைத் துடைத்தால் துணியில் வெள்ளைத் தூள் வரும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த மூன்று தகடுகளைப் பற்றியதுதான்.

சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நடுவில் அக்னி நட்சத்திரம் வேறு. படுக்கைவாட்டில் இருக்கும் தகடுகள் புற ஊதாக் கதிரின் முழு அடியையும் வாங்குகின்றன. கதவுக்குச் சாய்வாகத்தான் விழுகிறது. பெயின்ட் என்பது நிறமித் தூளும் அந்தத் தூளைக் கட்டிப் பிடித்திருக்கும் ரெசினும் சேர்ந்தது. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்த ரெசினை மேலிருந்து மெல்ல மெல்ல உடைக்கின்றன. ரெசின் போனால் தூளுக்குப் பிடிமானம் இல்லை. வங்கக் கடல் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஈரப்பதமும் இரவுப் பனியும் இந்தச் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஆனால் கெட்டுப்போனது மேலே உள்ள சில மைக்ரான் மட்டும்தான். அதற்குக் கீழே நல்ல பெயின்ட் அப்படியே இருக்கிறது. அந்தச் சில மைக்ரானை மட்டும் எடுத்துவிட்டு, கீழே இருப்பதற்கு வெயில் படாமல் ஒரு காப்பு போடுவதுதான் மொத்த வேலையும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டிக்கு 15 வருடம் ஆகி ஆர்.சி. புதுப்பிக்க மந்தைவெளி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்ததும், பலர் யோசிக்காமல் ‘ஃபுல் பெயின்ட்’ அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். தொழிற்சாலையில் வெறும் பாடியாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து, சுமார் 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வேகவைக்கிறார்கள். சீட்டும் ஒயரும் கண்ணாடியும் பொருத்திய வண்டியை எந்தக் கடையிலும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஆகவே தொழிற்சாலைப் பெயின்ட் ஒரு வண்டிக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதைக் காப்பாற்ற வழி இருக்கும்வரை மறுபெயின்ட் பக்கம் போகாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அப்படியே அடித்தாலும் அதே நிறத்தை அடியுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும்.

முதலில் உங்கள் பெயின்ட் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயின்ட் இரண்டு வகை. பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்றவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். கடைக்காரர்கள் இதை ‘சாலிட்’ என்பார்கள். பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் நிறப் பூச்சு அடியில் இருக்கும். அதன்மேல் நிறமில்லாத ‘கிளியர் கோட்’ ஒன்று இருக்கும். மெட்டாலிக் நிறம் என்றால் பெரும்பாலும் கிளியர் கோட்தான்.

சோதிப்பது சுலபம். டிக்கி மூடியின் கீழ் விளிம்பு போலக் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு பாலிஷ் வைத்துப் பத்துத் தடவை தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் சாலிட். அழுக்கு மட்டும் வந்தால் கிளியர் கோட். வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, இந்த ஊரில் அது நிறைய. எப்போதோ ஒரு டிங்கர் கடையில் மறுபெயின்ட் அடித்த தகடு அது. நம் பெயின்டர்கள் இன்றும் ‘டூக்கோ’ என்று சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டாக அது இருக்கலாம். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923-இல் கார்களுக்குக் கொண்டுவந்த பூச்சின் பெயர் அது. பெயர் மட்டும் நம் ஊரில் தங்கிவிட்டது. பஞ்சில் கொஞ்சம் தின்னர் நனைத்து மறைவான இடத்தில் ஒற்றினால் டூக்கோ உடனே கரைந்து வரும். கெட்டிப்பான் கலந்து அடிக்கும் ‘டூ-கே’ பெயின்ட் அப்படிக் கரையாது. டூக்கோ என்று தெரிந்தால் மெஷினைத் தொடாதீர்கள், ஆல்கஹால் கலந்த எந்த திரவமும் வேண்டாம். கையாலேயே மெதுவாகச் செய்யுங்கள்.

இனி, தேய்த்துப் பயனில்லாத நிலை எது என்று பார்ப்போம். கிளியர் கோட் வண்டியில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, அவற்றின் ஓரம் செதில் செதிலாக உரிகிறதா? நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படுகிறதா? அங்கே கிளியர் கோட் செத்துவிட்டது. தேய்த்து எடுக்கும் எந்தக் காம்பவுண்டாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தேய்க்கத் தேய்க்க உரிந்த ஓரம் பெரிதாகும். அந்தத் தகட்டை மட்டும் மறுபெயின்ட் கொடுங்கள், அல்லது வேக்ஸ் போட்டு அப்படியே ஓட்டுங்கள். ஒரு பானெட்டுக்காக முழு வண்டியையும் அடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

எவ்வளவு தேய்க்க இடம் இருக்கிறது?

தொழிற்சாலைப் பூச்சு எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம் சுமார் 100 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. வண்டியின் ஆயுள் முழுக்கச் சேர்த்தே அதில் எட்டு, பத்து மைக்ரானுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வருடா வருடம் சர்வீஸோடு ‘கட்டிங் பாலிஷ்’ போட்டுக்கொள்ளும் வண்டிகள் ஏழெட்டு வருடத்தில் கூரை உரிந்து நிற்பதற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தேய்த்த ஒவ்வொரு முறையும் வெயிலுக்கு எதிரான கவசத்தில் ஒரு பகுதி போயிருக்கிறது.

பெயின்ட் கனம் அளக்கும் சிறிய கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. நல்ல டீட்டெய்லிங் கடைகளில் வைத்திருப்பார்கள். ஒரு தகட்டில் 80-க்குக் கீழே காட்டினால் ஏற்கனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட்; 400, 500 என்று ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது. பழைய வண்டி வாங்கும்போதும் இந்தக் கருவி உதவும்.

காலம், இடம், கழுவல்

தை, மாசி மாதங்கள்தான் இந்த வேலைக்குத் தோதானவை. மழை நின்றிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சித்திரை, வைகாசியில் செய்தே ஆகவேண்டும் என்றால் அப்பார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில், காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் தொடங்காதீர்கள்; காம்பவுண்ட் உடனே காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

முதல் கழுவலில் நிறையத் தண்ணீர் செலவாகட்டும். மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலைப் பக்கம் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து காரின்மேல் படியும் தூசியில் சிமென்ட்டும் கலந்திருக்கிறது. மார்கழிப் பனியில் நனைந்தால் அது காரமாகி, காய்ந்து, பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் அதைத் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கை வைக்கும் முன் மேலிருந்து கீழே தண்ணீர் பீய்ச்சி இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பு கலந்த வாளி ஒன்று, வெறும் தண்ணீர் வாளி ஒன்று. ஒவ்வொரு தகடு முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். துணி சோப்பும் சலவைத் தூளும் வேண்டாம்.

இந்தப் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். உப்பும் இரும்பும் உள்ள தண்ணீர் தானாகக் காய விட்டால் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். கழுவிய கையோடு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீர் ஒதுக்க முடிந்தால் ரொம்ப நல்லது. ஏற்கனவே விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நனைத்த துணியை ஒரு நிமிடம் போர்த்தி, உடனே கழுவிவிடுங்கள். பல வண்டிகளில் ‘வெளுத்துவிட்டது’ என்று நினைப்பதில் பாதி இந்தக் கறைதான். அது போனாலே நிறம் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது கிளே பார், பெயின்ட்டில் ஒட்டியிருப்பதை இழுத்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி. கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு கவர் வழியாகத் தெரியும். தூங்குமூஞ்சி, புங்க மரங்களின் அடியில் நிற்கும் வண்டிகளில் பூச்சிகள் விடும் பிசுபிசுப்பு காய்ந்து இப்படி ஆகிவிடும். ஷாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கிளேயை அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்தினால் அது வழுக்க ஆரம்பிக்கும். தகடு சுத்தமானதற்கு அதுதான் அடையாளம். கீழே விழுந்த கிளேயைத் திரும்ப உபயோகிக்காதீர்கள்.

ஒரு சதுரம், அதன்பின் மீதி

ஜி.பி. ரோடு கடைகளில் ‘பாலிஷ்’ என்று பொதுவாகக் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். மூன்றையும் பெயர் சொல்லி வாங்குங்கள்: தேய்த்து எடுப்பதற்கு ரப்பிங் காம்பவுண்ட், அதன் கீறலை மறைய வைக்க ஃபைன் பாலிஷ், கடைசிக் காப்புக்கு வேக்ஸ் அல்லது சீலன்ட். வேக்ஸ் எதையும் தேய்த்து எடுக்காது. காம்பவுண்ட் எதையும் காக்காது. வெளுத்த பெயின்ட்டின்மேல் நேராக வேக்ஸ் போட்டால் எண்ணெய்ப்பசையில் நிறம் தற்காலிகமாக எழும்பும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் இதே கதை. சாயங்காலத்துக்குள் தெருத் தூசி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும்.

பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சதுரம் கட்டுங்கள். முதலில் ஃபைன் பாலிஷ் மட்டும். அதிலேயே நிறம் வந்துவிட்டால் காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். போதவில்லை என்றால்தான் அடுத்த படி. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, எடுத்த எடுப்பிலேயே கடுமையான காம்பவுண்ட் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். அதை இங்கே கண்டிப்பாக விட்டுவிட வேண்டும்.

சாலிட் பெயின்ட்டில், கையால் செய்யும்போது கவனிக்க வேண்டியது இது. ஃபோம் அப்ளிகேட்டரில் பட்டாணி அளவு நான்கு சொட்டு வையுங்கள். முதல் சில தேய்ப்பில் கை இழுக்கும், வறட்டுச் சத்தம் வரும். செத்த பெயின்ட் தூள் பாலிஷோடு கலந்து கெட்டியான பசையாகும். சிவப்பு வண்டியில் ஃபோம் முழுக்கச் சிவப்பாகிவிடும். பயப்படாதீர்கள், அது போகவேண்டிய தூள்தான். இன்னும் கொஞ்சம் போனால் பசை மெல்லிய படலமாகி, கை இழுபடாமல் வழுக்கும். அங்கே நிறுத்தித் துடைத்துப் பாருங்கள். டேப்பைப் பிரித்தால் சதுரத்துக்குள் ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். ஃபோமை அடிக்கடி மாற்றுங்கள். தூள் ஏறிய ஃபோம் மேற்கொண்டு கீறத்தான் செய்யும். மிகப் பழைய, எண்ணெய்ப்பசையே இல்லாமல் வறண்டுபோன சாலிட் பெயின்ட் என்றால், தேய்ப்பதற்கு முந்தின இரவு மெகுயார்ஸ் நம்பர் 7 கிளேஸைத் தாராளமாகப் பூசி ஊறவிட்டு, காலையில் துடைத்துப் பாருங்கள். உராய்வுப் பொருள் ஏதும் இல்லாமல் எண்ணெயை மட்டும் ஊட்டும் வழி அது. பழைய கார் வைத்திருப்பவர்கள் விரும்பிச் செய்வது. ஐம்பது வருட வண்டிகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்; கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரமாகவே வேலை செய்யுங்கள், உலர்ந்த தூளைப் பறக்க விடாதீர்கள்.

கிளியர் கோட்டில் கையால் பெரிய பலன் கிடைப்பது கடினம். அங்கே டி.ஏ. பாலிஷர் வேண்டும். சுற்றிக்கொண்டே தடுமாறி ஆடும் இந்த மெஷின் ஒரே இடத்தைச் சூடாக்காது. புதியவர் கையிலும் பெரிய ஆபத்து இல்லை. டிங்கர் கடைகளில் இருக்கும் ரோட்டரி மெஷின் அப்படியல்ல. கம்பளி பேட் மாட்டிய ரோட்டரி, பானெட்டின் மடிப்புகளிலும் கதவின் விளிம்பிலும் நொடியில் பெயின்ட்டை எரித்துவிடும். மடிப்பின்மேல் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் இருக்கும். அதனால் எல்லா மடிப்பு, விளிம்பு, கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பட்டைகள்மேலும் டேப் ஒட்டுங்கள். டி.ஏ.வை நடுத்தர வேகத்தில், மெஷினின் எடையே போதும் என்ற அளவு அழுத்தத்தில், நொடிக்கு ஓர் அங்குலம் மெதுவாக நகர்த்துங்கள். குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு தடவை. அதற்குமேல் வேண்டாம்.

முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் பாதிக்கும் குறைவாகக் கலந்து துடைத்துவிட்டுப் பாருங்கள். பாலிஷின் எண்ணெய் கீறல்களை நிரப்பிப் பொய்ப் பளபளப்புக் காட்டும். அது போனபின் தெரிவதுதான் நிஜம். டூக்கோவுக்கு இதைச் செய்யக்கூடாது என்று மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

கடையில் கொடுப்பதென்றால் பேசித் தீர்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். “அண்ணே, முதல்ல பானெட்ல ஒரு சின்ன இடத்துல போட்டுக் காட்டுங்க. ஃபைன் பாலிஷ்லயே வந்தா காம்பவுண்ட் வேண்டாம். ஓரத்துக்கெல்லாம் டேப் ஒட்டிடுங்க.” இதைக் கேட்டு முகம் சுளிக்காதவர் வேலை தெரிந்தவர்.

வெயிலுக்குத் திரும்பும் முன்

தேய்த்த பெயின்ட்டைக் காப்பில்லாமல் ஒரு நாள்கூட வெயிலில் நிறுத்தாதீர்கள். கார்னௌபா வேக்ஸ், வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. நிறத்துக்கு ஆழம் கொடுப்பதில் அதற்கு இணை இல்லை; சாலிட் பெயின்ட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் சென்னை வெயிலில் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும். செலவு அதிகம், கூடவே அது புற ஊதாக் கதிரை முழுவதும் நிறுத்திவிடாது. ‘டெஃப்லான் கோட்டிங்’ என்ற பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள். அந்தப் பொருள் சமையல் பாத்திரத்தில் 300 டிகிரிக்கு மேல் சுட்ட பிறகுதான் பிடிக்கிறது. காரில் அப்படிச் சுட வழியில்லை. அங்கே பூசுவது சாதாரண சீலன்ட்தான். எதைப் போட்டாலும் கூரைக்கும் பானெட்டுக்கும் இரண்டு கை கூடுதலாகப் போடுங்கள்.

இந்தப் பகுதியில் பெரும்பாலான கார்களைத் துடைப்பவர் சொந்தக்காரர் இல்லை. விடியற்காலையில் வந்து, ஒரே வாளித் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு வண்டி துடைத்துவிட்டுப் போகும் ஒருவர். அவர்மேல் குறை இல்லை. கொடுத்த வாளியும் துணியும் அவ்வளவுதான். முதல் வண்டியின் மணல் கடைசி வண்டியின் பானெட்டில் கீறுகிறது. அவருக்கு உங்கள் வண்டிக்கென்றே இரண்டு வாளியும் நான்கு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், சம்பளத்தில் குறைக்கமாட்டோம் என்று சொல்லுங்கள். காக்கை, புறா எச்சம் விழுந்தால் மட்டும் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். ஈரத்துணியை மேலே ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுக்க வேண்டும். அதிலுள்ள அமிலம் வெயிலில் ஒரு மத்தியானத்துக்குள் பெயின்ட்டைக் கடித்துவிடும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் மாதம் இரண்டு தடவை எடுக்கும் வண்டிகள் இங்கே அதிகம். அவற்றுக்கு பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி, பெயின்ட்டின் அடியில் கொப்புளம் எழும்பும். காற்றில் ஆடும்போது கவரின் அடியில் உள்ள தூசி தேய்க்கும். காற்றோட்டமுள்ள துணிக் கவராக, கயிறு கட்டி இறுக்கக்கூடியதாக வாங்குங்கள். கழுவிய வண்டிக்கு மட்டும் போடுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கவரை உதறிக் காயவையுங்கள். வண்டியை நிறுத்தும் பக்கத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்: இந்த மாதம் முகப்பு தெருவைப் பார்த்து, அடுத்த மாதம் மதிலைப் பார்த்து. மேற்கு வெயில் எப்போதும் ஒரே பக்கத்தில் விழாமல் இருக்கும், பேட்டரிக்காக வண்டியை ஸ்டார்ட் செய்து எடுத்த மாதிரியும் ஆகும்.